‘கோன்’ என்ற நரியின் கதையை எழுதிய நீமி நான்கிச்சி: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

கே: யார் இவர்? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

ப: 1913இல் ஜப்பானின் ஹாண்டாவில் பிறந்தவர். நாலு வயதில் தாயை இழந்தார். எட்டு வயதில் தாய் வீட்டாருக்குத் தத்துப் போனார்; நீமி என்ற குடும்பப் பெயர் அப்படி வந்ததுதான். பிறகு பள்ளி ஆசிரியர். காசநோயால் 1943இல் போய்ச் சேர்ந்தபோது வயது 29.

கே: என் மகளுக்கு ஐந்து வயது. கோன் கதையைப் படித்துக் காட்டலாமா?

ப: வேண்டாம், கொஞ்சம் பொறுங்கள். ஜப்பானில் இது நாலாம் வகுப்புப் பாடம். விலங்குக் கதைதானே என்று எடுத்துவிடாதீர்கள், முடிவு கனமானது. இப்போதைக்கு இவருடைய கையுறை வாங்கப் போகும் நரிக்குட்டி கதையைப் படியுங்கள்.

கே: கதையின் நீதி என்ன?

ப: நீதி தேடாதீர்கள். தனியாக வாழும் நரி கோன், ஹ்யோஜூ என்ற கிராமத்தான் பிடித்த விலாங்கு மீனை விளையாட்டாகத் திருடுகிறது. சில நாளில் அவன் தாய் இறக்கிறாள். அம்மா ஆசைப்பட்ட மீனைத் தான் கெடுத்துவிட்டதாகக் கோன் நினைத்துக்கொள்கிறது. பரிகாரமாக, மீன்காரனிடம் திருடிய மத்தி மீன்களை அவன் வீட்டுக்குள் வீசுகிறது. திருடன் என்று மீன்காரனிடம் அடி வாங்குவது ஹ்யோஜூ! அதன் பிறகுதான் தானே பொறுக்கிய செஸ்ட்நட் கொட்டைகளையும் காளானையும் அவனுக்குத் தெரியாமல் கொண்டுவந்து வைக்கிறது. ஒருநாள் மறுபடி திருட வந்துவிட்டதென்று ஹ்யோஜூ சுட்டுவிடுகிறான். இதில் எந்த வரியை நீதியாக்குவீர்கள்?

கே: திருடக் கூடாது என்பதுதானே நீதி?

ப: மேலே சொல்லிவிட்டேன்.

கே: முடிவைப் பத்திரிகை ஆசிரியர் மாற்றினாராமே? அது அநியாயம் இல்லையா?

ப: கதை 1932இல் ‘அகாய் தோரி’ என்ற சிறுவர் பத்திரிகையில் வந்தது. அதன் ஆசிரியர் சுசுகி மியேகிச்சி. நான்கிச்சியின் கையெழுத்துப் படியில், குண்டடி பட்டுத் துவண்டு கிடக்கும் கோன் ‘மகிழ்ந்தது’ என்று இருக்கிறது. அச்சில் வந்தது வேறு: கண்ணை மூடியபடி ‘தலையசைத்தது’. மாற்றியவர் மியேகிச்சி என்பதே ஆய்வாளர்கள் பலரின் கருத்து. என் மனசு அச்சான வரியின் பக்கம். நரியின் உள்ளே என்ன நடந்தது என்பதை வாசகனுக்கே விட்டுவிடுகிறது.

கே: ஒப்பமாட்டேன். சாகும்போதாவது புரிந்துகொள்ளப்பட்ட சந்தோஷம் பதினெட்டு வயதுப் பையன் எழுதியது. அதை அழிக்க மற்றவருக்கு என்ன உரிமை?

ப: உரிமை பற்றிய உங்கள் கோபம் நியாயம். தாயில்லாமல் வளர்ந்தவன் ‘மகிழ்ந்தது’ என்று எழுதியதைப் படிக்கும்போது எனக்கும் தொண்டை அடைக்கிறது. ஆனால் ஹ்யோஜூவின் பக்கம் நின்று பாருங்கள். அவன் கேட்கிறான், “கோன், நீயா எனக்குச் செஸ்ட்நட் கொண்டுவந்தாய்?” அவனுக்குத் தெரியக் கூடியது அந்தத் தலையசைப்பு மட்டும். மகிழ்ச்சி அவனுக்குத் தெரியாது. துப்பாக்கி கையிலிருந்து விழுகிறது. குழலிலிருந்து மெல்லிசாக நீலப் புகை.

கே: கோன் குட்டி நரிதானே?

ப: இல்லை. மூலத்தில் ‘சின்ன நரி’. குட்டி என்று இல்லை. படம் வரைபவர்கள் தயவுசெய்து கவனியுங்கள்.

கே: மியாசாவா கென்ஜியின் ரயில் கதை இவருடையதா?

ப: கேள்வியிலேயே பதில் இருக்கிறது. கென்ஜி வேறு எழுத்தாளர், ஜப்பானின் வடக்கே இவாத்தே என்ற பகுதிக்காரர்.

கே: ஏழு வயதுப் பையனுக்குக் கோன்...?

ப: இன்னும் இரண்டு வருடம்.