பேரன் கைக்கு யூவி லைட் காட்டலாமா?

கேள்வி: மகன் ஆன்லைனில் கைக்கு அடக்கமான ஒரு யூவி (புற ஊதாக் கதிர்) லைட் வாங்கி அனுப்பியிருக்கிறான். கிருமி சாகுமாம். பேரனின் கரடி பொம்மை, செல்போன், மெத்தை எல்லாவற்றுக்கும் காட்டுகிறேன். சாப்பிடுவதற்கு முன் அவன் கைக்கும் ஐந்து விநாடி. பெரிய டியூபாக ஒன்று வாங்கி அறையிலேயே மாட்டிவிடலாமா?
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: முதலில் அந்தக் கைக்குக் காட்டுவதை நிறுத்துங்கள் அம்மா. கிருமியின் மரபணுவைச் சிதைக்கிற கதிர், பேரன் தோல் ஆயிற்றே என்று ஒதுங்கிப் போகாது. கைக்கு சோப்பு போதும்.

முப்பது வருஷம் ஆஸ்பத்திரி லேபில் கிருமி வளர்த்தவன் நான். வேலை மேடைக்குள் யூவி டியூப் இருக்கும். அதை அணைத்த பிறகுதான் உட்கார வேண்டும். ஒரு நாள் அணைக்க மறந்து கால் மணி நேரம் வேலை பார்த்துவிட்டேன். அப்போது ஒன்றுமே தெரியவில்லை. ராத்திரி 2 மணிக்குக் கண்ணில் மணலை அள்ளிப் போட்ட மாதிரி உறுத்தல், நிற்காமல் தண்ணீர். வெல்டிங் வேலைக்காரர்களுக்கு வருமே, அதேதான். சரியாக இரண்டு நாள் ஆனது. ஆட்கள் நடமாடும் அறையில் டியூப் மாட்டுவதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

பொம்மை விஷயத்துக்கு வருகிறேன். லேபில் புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு ஒன்று செய்து காட்டுவேன். கிருமி தடவிய தட்டின் நடுவில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து, யூவிக்கு அடியில் கொஞ்ச நேரம் வைப்பேன். மறுநாள் தட்டு துடைத்துவிட்டது போல இருக்கும். நாணயம் மறைத்த இடத்தில் மட்டும் வட்டமாக வெள்ளைப் படலம். ஒரு தடவை ஒரு பெண் கண்ணாடி மூடியை எடுக்காமலே வைத்துவிட்டாள். தட்டு முழுக்க வளர்ந்து கிடந்தது! நேராகப் படாத இடத்தில் இந்தக் கதிருக்கு வேலை இல்லை. சாதாரணக் கண்ணாடியைக்கூடத் தாண்டாது. உங்கள் கரடியின் ஒவ்வொரு முடியும் ஒரு நாணயம்தான். மெத்தை மடிப்பும் அப்படியே. கரடியை சோப்புத் தண்ணீரில் அலசி மொட்டைமாடியில் போடுங்கள். மெத்தைக்கும் வெயில் போதும். செல்போனை அணைத்துவிட்டு, 70 சதவீத ஆல்கஹால் தொட்ட துணியால் துடையுங்கள்.

வீட்டில் யூவி உருப்படியாக வேலை செய்வது தண்ணீர் ஃபில்டருக்குள்தான். டியூப் மூடிய குழாய்க்குள் இருக்கிறது, யார் கண்ணிலும் படாது. நீலமாக எரிகிறதே என்று விட்டுவிடாதீர்கள். வெளிச்சம் இருக்கும், வீரியம் குறைந்திருக்கும். வருஷத்துக்கு ஒரு தடவை மாற்றச் சொல்லுங்கள்.

அப்புறம், மகன் அனுப்பிய லைட்டின் அட்டையைப் பாருங்கள். கிருமி கொல்லும் டியூப் என்றால் கதிரின் அலைநீளம் 254 நானோமீட்டர் என்று இருக்கும். எல்இடி என்றால் 260-லிருந்து 280-க்குள். அப்படி இருந்தால் குழந்தைக்கு எட்டாமல் வைத்துவிடுங்கள். 395 என்றிருந்தால் அது கள்ள நோட்டுப் பார்க்கிற ரகம். 500 ரூபாய்த் தாளுக்குக் காட்டிப் பாருங்கள், அதிலுள்ள வரிசை எண் மின்னும்.