இரவு என்ன சாப்பிடுகிறீர்கள்?

கேள்வி: ஆசிரியர் ஐயா, எனக்கு 52 வயது. 2009 மே மாதம், போரின் கடைசி நாட்களில் கணவரைத் தவறவிட்டேன். இன்றுவரை ஒரு தகவலும் இல்லை. மகள் கலியாணம் முடித்து பிரான்சுக்குப் போய்விட்டாள். வீட்டில் நான் மட்டும்தான். இரவு இரண்டு மணிக்கு முழிப்பு வந்தால் பிறகு நித்திரை இல்லை. "தேவன் உன்னைக் கைவிட்டுவிட்டார், நீ இருந்து என்ன" என்று உள்ளுக்குள் ஒரு குரல். சபையில் சொன்னேன். "தனிமையின் ஆவி பிடித்திருக்கிறது, 21 நாள் உபவாசம் எடுங்கள்" என்றார்கள். 9 நாள் இருந்தேன், குரல் கூடினதுதான் மிச்சம். இப்போது வட்ஸ்அப்பில் ஒரு தீர்க்கதரிசி, கணவர் உயிரோடு இருக்கிறார், ஒரு கட்டு இருக்கிறது, 25,000 ரூபா காணிக்கை அனுப்பினால் ஜெபித்து இடத்தைச் சொல்கிறேன் என்கிறார். பக்கத்து வளவு ஆச்சி அடிக்கடி சாப்பிடக் கூப்பிடுகிறா. வற்றாப்பளை அம்மன் கோவில் பொங்கலுக்கு நேர்த்தி வைக்கிற ஆள் என்பதால் நான் போவதில்லை. என் விசுவாசம் குறைந்ததுதான் இதற்கெல்லாம் காரணமா?
— பெயர் வேண்டாம், முல்லைத்தீவு மாவட்டம்

பதில்: சகோதரி, உங்கள் கடிதத்தில் எல்லாம் இருக்கிறது, ஒன்றைத் தவிர. இரவு என்ன சாப்பிடுகிறீர்கள்? ஒரு ஆளுக்கு உலை வைப்பதா என்று ஒரு தேத்தண்ணியோடும் இரண்டு பிஸ்கட்டோடும் படுத்துவிடுகிற பெண்கள் வன்னியில் எத்தனையோ பேர். நீங்களும் அப்படித்தான் என்றால், சபை சொல்ல முன்னமே நீங்கள் பல வருட உபவாசத்தில் இருக்கிறீர்கள்.

பகிடிக்குக் கேட்கவில்லை. வேதத்தில் உங்களைப் போல "போதும்" என்று சொன்ன ஒருவனுக்கு முதலில் கிடைத்தது சாப்பாடுதான். 1 இராஜாக்கள் 19ஆம் அதிகாரத்தை எடுங்கள். கர்மேல் மலையில் வானத்திலிருந்து அக்கினியை இறக்கின அதே எலியா தீர்க்கதரிசி, யேசபேல் ராணியின் ஒரு மிரட்டலுக்குப் பயந்து ஓடுகிறான். பெயெர்செபாவில் வேலைக்காரனை நிறுத்திவிட்டு, ஒரு நாள் வழி வனாந்தரத்துக்குள் தனியே போய், ஒரு சூரைச்செடியின் கீழ் உட்காருகிறான். (மூலத்தில் இருப்பது வேறொரு பாலைவனச் செடி. ஆனாலும் தமிழ் வேதாகமத்தில் விழுந்த சொல் நமக்குப் பொருத்தம்தான். நம் பற்றைக்காட்டுச் சூரையில் நிழலைவிட முள் கூட.) அங்கிருந்து சொல்கிறான்: "போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்."

தூதன் வந்து என்ன செய்தான் என்று பாருங்கள். பிரசங்கம் வைக்கவில்லை. கர்மேலில் நின்றவன் நீயா என்று குத்திக் காட்டவில்லை. எந்த ஆவியையும் துரத்தவில்லை. தட்டி எழுப்பி, "எழுந்திருந்து போஜனம்பண்ணு" என்றான். தலைமாட்டில் தழலில் சுட்ட அடை, ஒரு பாத்திரத்தில் தண்ணீர். எலியா சாப்பிட்டுவிட்டுத் திரும்பவும் படுத்துக்கொண்டான். படுக்காதே, எழும்பி ஜெபி என்று தூதன் பிடித்து உலுக்கவில்லை, நித்திரை கொள்ள விட்டான். இரண்டாந்தரமும் எழுப்பிச் சாப்பிட வைத்தான். 40 நாள் நடந்து ஓரேப் மலைக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான், "எலியாவே, இங்கே உனக்கு என்ன காரியம்" என்ற கேள்வி வருகிறது. "நான் ஒருவன் மாத்திரம் மீதி" என்று அவன் அங்கே இரண்டு தரம் முறையிடுகிறான். அந்தக் கணக்கு பிழை. பாகால் என்ற அந்நிய தெய்வத்துக்கு முழங்கால் முடக்காத 7,000 பேர் இருந்தார்கள். வழியில் எலிசா என்றொரு துணையும் காத்திருந்தான்.

இப்படியிருக்க, நித்திரையும் இல்லாமல் ஒழுங்கான சாப்பாடும் இல்லாமல் இருந்த உங்களை 21 நாள் பட்டினி போடச் சொன்னவர்கள் எந்த வேதாகமத்தை வாசிக்கிறார்கள்? உபவாசத்தை நான் குறை சொல்லவில்லை. ஏசாயா 58இல் கர்த்தர் தமக்கு உகந்த உபவாசம் எது என்று சொல்கிறார்: பசியுள்ளவனுக்கு உன் ஆகாரத்தைப் பகிர்ந்து கொடு என்று. அதன்படி பார்த்தால் உபவாசம் எடுத்திருக்க வேண்டியவர்கள் அவர்கள். மிஞ்சின சோற்றுப் பார்சல் உங்கள் வீட்டுக்கு வந்திருக்க வேண்டும்.

தனிமையின் ஆவி என்று ஒன்று வேதத்தில் எங்கும் இல்லை. "மனுஷன் தனிமையாயிருப்பது நல்லதல்ல" என்பது ஆதியாகமம் இரண்டாம் அதிகாரம். சர்ப்பம் வருவது மூன்றாம் அதிகாரத்தில். பாவம் உலகத்துக்குள் வர முன்னமே, ஒரு குறையும் இல்லாத தோட்டத்தில், தேவனோடு பேசிக்கொண்டிருந்த மனிதனைப் பார்த்துத்தான் தேவன் அதைச் சொன்னார். நீங்கள் தனிமையை உணர்வது உங்களைப் படைத்த விதம் அப்படி என்பதால். 102ஆம் சங்கீதக்காரன் தன்னை வீட்டின்மேல் தனித்திருக்கும் குருவி என்கிறான், அவனுக்கும் நித்திரை இல்லை. 88ஆம் சங்கீதமோ ஆறுதலாக ஒரு வரிகூட இல்லாமல் இருளிலேயே முடிகிறது. அதையும் சேர்த்துத்தான் வேதத்தில் வைத்திருக்கிறார்கள். உங்கள் சபையில் அதை வைத்து ஒரு நாளாவது பிரசங்கித்தார்களா என்று கேட்டுப் பாருங்கள்.

அந்தக் குரலுக்கு வருவோம். அது சோதனைக்காரனின் குரலா, களைத்த மூளையின் குரலா என்று நான் பிரித்துப் பார்க்கப் போவதில்லை. இரண்டும் ஒன்றின் தோளில் ஒன்று ஏறித்தான் வரும். மத்தேயு 4இல் சோதனைக்காரன் வந்ததும் 40 நாள் பசிக்குப் பிறகுதான். "நீர் தேவனுடைய குமாரனேயானால்" என்று தொடங்குகிறான். சற்று முன்னர்தான் யோர்தானில் "இவர் என்னுடைய நேசகுமாரன்" என்று வானத்திலிருந்து சத்தம் வந்திருந்தது. அந்த ஒரு வசனத்தில்தான் அவன் கை வைக்கிறான். உங்களிடமும் அதே வேலை: நீ அவருடைய பிள்ளை இல்லை என்று நம்பப்பண்ணிவிட்டால் போதும், மிச்சம் தானாக நடக்கும். இயேசு அவனோடு வாதாடிக்கொண்டிருக்கவில்லை. மூன்று தரமும் உபாகமத்திலிருந்து ஒவ்வொரு சின்னப் பதில், அவ்வளவுதான். நீங்கள் இரவு இரண்டு மணிக்குப் பாயில் கிடந்துகொண்டு அந்தக் குரலோடு வழக்காடுகிறீர்கள். விட்டுவிடுங்கள். எழும்பி லைற்றைப் போட்டு, முகம் கழுவி, ஒரு சங்கீதத்தைச் சத்தமாக வாசியுங்கள். உங்கள் குரல் உங்கள் காதில் விழட்டும். சோதிக்கப்படுவது விசுவாசக் குறைவு என்றால், இயேசுவுக்கும் அந்தக் குறை இருந்ததென்று சொல்ல வேண்டிவரும்.

"நீ இருந்து என்ன" என்ற பேச்சு உறுதிப்படுகிறதென்றால் மட்டும் சங்கீதத்தோடு நிற்க வேண்டாம். தேசிய மனநல உதவி இலக்கம் 1926. இரவு இரண்டு மணிக்கும் எடுக்கலாம். விடிந்ததும் ஆஸ்பத்திரிக்குப் போய் நித்திரை இல்லை, இப்படி நினைப்பு வருகிறது என்று டொக்டரிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள். சீனி வருத்தத்துக்குக் குளிசை எடுக்கிற விசுவாசிகள் இதற்கு மட்டும் ஏன் வெட்கப்பட வேண்டும்?

இனி அந்தத் தீர்க்கதரிசி. இங்கே நான் மெல்லப் பேசப் போவதில்லை. ஒரு சதமும் அனுப்பாதீர்கள். வெற்றிலையில் மை போட்டுப் பார்ப்பவர் செய்த அதே வேலையை இவர் கையில் வேதாகமத்தோடு செய்கிறார். முதலில் உங்கள் வாயாலேயே பெயரையும் ஊரையும் தவறவிட்ட இடத்தையும் எடுப்பார். பிறகு அதையே "ஆண்டவர் எனக்குக் காட்டுகிறார்" என்று திருப்பித் தருவார். "உயிரோடு இருக்கிறார், ஆனால் ஒரு கட்டு." இந்த வாக்கியத்தை யாராலும் பொய் என்று காட்ட முடியாது. அதனால்தான் அதைச் சொல்கிறார். ஆள் வராவிட்டால் கட்டு இன்னும் அவிழவில்லை, இன்னொரு காணிக்கை. சொன்ன காரியம் நடக்காவிட்டால் அது கர்த்தர் சொன்ன வார்த்தை அல்ல என்பது உபாகமம் 18இல் உள்ள சோதனை. இவரோ அந்தச் சோதனைக்கு அகப்படாதபடி பேசப் பழகியிருக்கிறார். சவுல் ராஜா எந்தோர் என்ற ஊருக்குக் குறிசொல்லுகிறவளிடம் போன இரவை 1 சாமுவேல் 28இல் வாசியுங்கள். தேவன் பதில் சொல்லவில்லை என்ற தவிப்பில்தான் அவன் மாறுவேடம் போட்டுக் குறி கேட்கப் போகிறான். அன்று இராப்பகல் முழுவதும் அவன் ஒன்றும் சாப்பிடவில்லை என்றும் அந்த அதிகாரம் சொல்கிறது. எலியாவும் சவுலும் வெறும் வயிற்றோடு உடைந்தவர்கள்தான். ஒருவன் வந்த அடையைத் தின்றான், மற்றவன் இருட்டில் குறி கேட்கப் போனான்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறேன். கணவர் வருவார் என்று காத்திருப்பது பாவமல்ல. விதவை என்ற சொல்லை உங்களுக்கு நான் போடவில்லை, யாரையும் போடவும் விடாதீர்கள். 2017 பெப்ரவரி 20இல் கிளிநொச்சிக் கந்தசாமி கோவிலடியில், காணாமல் ஆக்கப்பட்டவர்களுக்குப் பதில் கேட்டுப் போராட்டமாக உட்கார்ந்த தாய்மாரும் உங்களைப் போலத்தான். அவர்கள் பதில் கேட்டது பதில் சொல்லக் கடமைப்பட்டவர்களிடம். சேர்ந்திருந்து கேட்டார்கள். அங்கே ஒருத்தி அழுதால் மற்றவள் முதுகைத் தடவிவிடுவாள். வட்ஸ்அப் தீர்க்கதரிசியால் அது முடியாது.

உங்களிடமும் எனக்கு ஒரு குறை உண்டு. எலியா தன் வேலைக்காரனைத் தானே நிறுத்திவிட்டுத்தான் வனாந்தரத்துக்குள் போனான். நீங்களும் கொஞ்சம் கொஞ்சமாக ஆட்களை நிறுத்திக்கொண்டு வந்திருக்கிறீர்கள். "வந்து பாருங்கள்" என்று கேட்பதைக் கூச்சம் என்று நினைக்கிறீர்கள். பவுல் சிறையிலிருந்து தீமோத்தேயுவுக்கு எழுதின இரண்டாம் கடிதத்தின் கடைசி அதிகாரத்தைப் பாருங்கள். எல்லாரும் கைவிட்டார்கள், கர்த்தரோ துணையாக நின்றார் என்கிறார். கர்த்தர் துணை நிற்கிறார், வேறென்ன வேண்டும் என்று அதோடு விடுகிறாரா? சீக்கிரம் வா, வரும்போது துரோவாவில் விட்டுவந்த மேலங்கியைக் கொண்டுவா, புஸ்தகங்களைக் கொண்டுவா, மாரிகாலத்துக்கு முன்னே வந்து சேரப் பார் என்று கேட்கிறார். மாரியில் தனிய இருப்பது எப்படியென்று வன்னியில் உள்ளவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. பாதை வெள்ளத்தில், கரண்ட் போய்விடும், தவளைச் சத்தம் மட்டும். பவுல் கூச்சப்படாமல் கேட்டதை நீங்களும் கேளுங்கள். போதகரிடமும், சபையில் உங்களுக்குப் பிடித்த ஒருத்தியிடமும் நேரே சொல்லுங்கள்: ஜெபம் போதும், வெள்ளிக்கிழமை இரவு வந்து என்னோடு சாப்பிடுங்கள்.

வர மறுத்தால் எனக்கு இன்னொரு கடிதம் போடுங்கள். அதைப் பெரிய எழுத்தில் அச்சிடுகிறேன்.

கடைசியாக, பக்கத்து வளவு ஆச்சி. அவ கூப்பிடுவது புட்டுக்கும் மீன் குழம்புக்கும்தான், படையலுக்கு அல்ல என்று நினைக்கிறேன். அவிசுவாசி விருந்துக்கு அழைத்தால், போக மனமிருந்தால் போ, முன்னே வைக்கிறதை ஒன்றும் விசாரியாமல் சாப்பிடு என்று கொரிந்தியருக்கு எழுதினதும் அதே பவுல்தான். எலியாவுக்கு, சூரைச்செடிக்கு முந்தின பஞ்ச காலத்தில், பானையில் கிடந்த கடைசிப்பிடி மாவில் அடை சுட்டுக் கொடுத்தவள் சாறிபாத் ஊர் விதவை. சீதோன் நாட்டுக்காரி, இஸ்ரவேலில் பிறந்தவள் அல்ல. அவளிடம் கர்த்தர்தான் அவனை அனுப்பினார்.

ஆச்சியும் தனியத்தான் இருக்கிறாவா? அதை நீங்கள் எழுதவில்லை. இன்று பின்னேரம் வேலிக்கு மேலால் கூப்பிட்டால், கோப்பையைக் கழுவிக்கொண்டு போங்கள்.