அருங்காட்சியகத்தில் உள்ள பழங்கிரேக்க நாணயங்களைக் கணினியில் பட்டியலிடும்போது என்னென்ன பதிய வேண்டும்? எங்கே பிழை வரும்?

எந்த மென்பொருள் என்ற கேள்வியை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். முதலில் மேசை ஒழுங்கு. ஒரு நேரத்தில் ஒரே நாணயம், அதன் பழைய காகிதச் சீட்டு, அதன் பதிவெண். இவை தவிர மேசையில் வேறொன்றும் இருக்கக் கூடாது. ஆந்தை பொறித்த இரண்டு ஏதென்ஸ் நாணயங்கள் தட்டில் இடம் மாறிவிட்டால், பழைய பதிவேட்டில் எடையோ படமோ இருந்தாலொழிய பிரித்தறிவது பெரும்பாடு. சீட்டின் இரு பக்கத்தையும் படமெடுத்துவிடுங்கள். அதில் எழுதியிருப்பது தவறு என்று தெரிந்தாலும் சீட்டைக் கழிக்காதீர்கள். நாணயம் எந்தப் புதையலிலிருந்து, யார் கைமாறி வந்தது என்பதற்குப் பல நேரம் அது ஒன்றுதான் சான்று.

எடையை 0.01 கிராம் வரை எடுங்கள். ஏதென்ஸின் டெட்ராட்ராக்ம் என்ற நான்கு திராக்ம வெள்ளி நாணயம் சுமார் 17.2 கிராம், கொரிந்த் நகரின் ஸ்டேட்டர் என்ற வெள்ளி நாணயம் சுமார் 8.6, ஈஜினா தீவின் ஆமை பொறித்த ஸ்டேட்டர் 12 கிராமுக்குச் சற்று மேல். எண் இவற்றிலிருந்து வெகுவாக விலகினால் தட்டச்சுப் பிழையா, தேய்மானமா, செம்பின் மேல் வெள்ளி போர்த்திய நாணயமா என்று பாருங்கள். போர்த்தியது என்றால் உலோகக் கட்டத்தில் வெறும் ‘வெள்ளி’ என்று போடக் கூடாது. எடை கூட்டித் தெரிகிறதே என்று அழுக்கைத் தேய்த்துக் கழுவவும் கூடாது. அது பாதுகாப்பு நிபுணரின் வேலை.

அதிகம் தவறுவது அச்சுத் திசை, அதாவது முன்பக்க உருவம் நேராக இருக்கும்போது பின்பக்க உருவத்தின் தலை எந்தப் பக்கம் இருக்கிறது என்பது. முன்பக்கப் படத்தை நேராக நிறுத்தி, நாணயத்தின் மேல் கீழ் விளிம்புகளை விரல்களால் பிடித்து, கதவைத் திருப்புவதுபோல் பக்கவாட்டில் திருப்புங்கள். பின்பக்கப் படத்தின் தலை கடிகாரத்தில் எந்த மணியைக் காட்டுகிறதோ அதுவே அச்சுத் திசை. சுவர் நாட்காட்டித் தாளைப் புரட்டுவதுபோல் மேல்கீழாகத் திருப்பினால் விடை 6 மணி பிசகும்: 12 என்பது 6 ஆகும், 3 என்பது 9 ஆகும். ஒருவர் பதிந்தது முழுக்க இப்படிப் பிசகியிருந்தால் திருத்திவிடலாம். இரண்டு பேர் இரண்டு விதமாகத் திருப்பியிருந்தால் எல்லாவற்றையும் மறுபடி எடுக்க வேண்டியதுதான். புகைப்படத்தைப் பார்த்துச் சரிசெய்யலாம் என்றும் நினைக்காதீர்கள்; இரு பக்கத்தையும் நேராக்கித்தான் வெளியிடுகிறோம், திசை அதிலேயே தொலைந்துவிடும்.

பூவா தலையா என்று பார்த்து முன்பக்கத்தை முடிவு செய்வதும் கிரேக்க நாணயங்களில் செல்லாது. நாணயத்தை இரண்டு அச்சுகளுக்கு நடுவே வைத்து அடித்தார்கள்; பட்டடையில் பதித்த கீழ் அச்சின் பக்கமே முன்பக்கம். கொரிந்த் ஸ்டேட்டரில் அது சிறகுக் குதிரை. அத்தீனாவின் தலை பின்பக்கம். கோப்புப் பெயரிலேயே பதிவெண்ணோடு ‘முன்’, ‘பின்’ என்று சேர்த்துவிட்டால் இந்தக் குழப்பம் பிறகு வராது. படத்துக்கு விளக்கை எப்போதும் ஒரே திசையில், மேல் இடப்பக்கம் வையுங்கள். திசை மாறினால் புடைப்பு குழிபோல் தெரியும்.

அடுத்து, கண்டதையும் கருதுவதையும் தனித்தனிக் கட்டங்களில் வையுங்கள். ஹெராக்ளிசின் தலை, அமர்ந்த ஸியூஸ், ‘அலெக்சாந்தரின்’ என்ற எழுத்து: இது கண்டது. அலெக்சாந்தர் காலத்தது என்பது கருத்து, பல நேரம் தவறான கருத்து. அவர் கி.மு. 323-இல் இறந்த பிறகும் அதே உருவங்களோடு பல நகரங்கள் அடித்துக்கொண்டே இருந்தன; கருங்கடல் கரையின் ஒடெசோஸ், மெசெம்ப்ரியா போன்றவை கி.மு. முதல் நூற்றாண்டு வரைகூட. அதனால் நாணயத்தில் உள்ள பெயர், வெளியிட்ட அதிகாரம், அக்கசாலை (நாணயம் அடித்த இடம்), காலம் என நான்கு கட்டங்கள் வேண்டும். வகை எண்ணுக்கு மார்ட்டின் பிரைஸ் 1991-இல் வெளியிட்ட அலெக்சாந்தர் நாணயப் பட்டியலின் எண்ணைப் போடுங்கள். அமெரிக்க நாணயவியல் கழகத்தின் ‘பெல்லா’ தளமும் அதே எண்களையே பின்பற்றுகிறது. ஊர்ப்பெயரை வெறும் எழுத்தாக விடாமல் நாணயவியல் பெயர்களுக்கு இணைய அடையாளம் தரும் ‘நொமிஸ்மா’ தளத்தின் நிலையான அடையாளத்தோடு இணையுங்கள். மக்னீசியா என்று மட்டும் எழுதினால் மியாண்டர் ஆற்றங்கரை ஊரா, சிப்பிலஸ் மலையடி ஊரா என்று கணினிக்கு எப்படித் தெரியும்?

நாணயத்தில் உள்ள எழுத்துகளைக் கிரேக்க விசைப்பலகையில்தான் தட்ட வேண்டும். கிரேக்க ஆல்ஃபாவும் ரோமன் ‘ஏ’யும் திரையில் ஒன்றுபோல் இருக்கும், கணினிக்கு வேறு வேறு. ஏதென்ஸ் நாணயத்தில் உள்ள ‘ΑΘΕ’ என்ற மூன்றெழுத்தில் ஒன்று ரோமனாகிப் போனால் தேடலில் அந்த நாணயம் வரவே வராது. கண்ணால் பார்த்துப் பிடிக்க முடியாத பிழை இது. எழுத்துக் குறியீட்டைச் சோதிக்கும் சிறு நிரல்தான் பிடிக்கும்.

ஆண்டுகளுக்கு எக்செல் தேதிக் கட்டத்தை நம்பாதீர்கள். அதில் 1900-க்கு முன் தேதியே கிடையாது. தொடக்கம், முடிவு என இரண்டு எண் கட்டங்கள் போதும். கி.மு. ஆண்டைக் குறை (மைனஸ்) எண்ணாக மாற்றும்போது உங்கள் மென்பொருளில் சுழியம் ஆண்டு உண்டா என்று பார்த்துக்கொள்ளுங்கள். தேதி எழுதுவதற்கான பன்னாட்டுத் தரமான ஐஎஸ்ஓ 8601 முறையில் உண்டு, அதில் கி.மு. 323 என்பது குறை 322. பதிவெண் கட்டத்தை முதல் நாளே ‘உரை’ என்று அமைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் 0047 என்பது 47 ஆகிவிடும், 3-12 என்பது தேதியாகிவிடும்.