சூடானால் நின்றுபோகும் படகு இன்ஜின்: கார்புரேட்டர் வாங்கலாமா?

கேள்வி: என்னிடம் படகின் பின்புறம் மாட்டும் பழைய இரண்டு சிலிண்டர் பெட்ரோல் அவுட்போர்டு இன்ஜின் இருக்கிறது. காலையில் ஒரே இழுப்பில் கிளம்பும். 20 நிமிடம் ஓடியதும் அணைந்துவிடும். அரை மணி நேரம் ஆறவிட்டால் மறுபடி ஓடும். கார்புரேட்டரை மாற்றச் சொல்கிறார் மெக்கானிக். வாங்கலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் சிறு துளையான ஜெட் அடைத்திருந்தால் காலையிலேயே இன்ஜின் முரண்டு பிடித்திருக்கும். ஆறினால் தானாகச் சரியாகிறது என்றால் வேறு இடத்தில் தேட வேண்டும்.

முதலில் காசு செலவில்லாத சோதனை. டேங்க் மூடியில் இருக்கும் காற்றுத் திருகு திறந்திருக்கிறதா, துளை அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். காற்று உள்ளே போகாவிட்டால் பெட்ரோல் வருவது கொஞ்சம் கொஞ்சமாக நின்றுவிடும். காத்திருக்கும் நேரத்தில் காற்று கசிந்து நுழைவதால் இன்ஜின் திரும்பக் கிளம்பும். பார்ப்பவருக்குச் சூட்டுக் கோளாறு மாதிரியே தெரியும்.

அப்புறம், ஓடும்போது இன்ஜினைக் குளிர்வித்துவிட்டுப் பக்கவாட்டில் பீய்ச்சும் தண்ணீர் மெலிந்தால் அதுவே அபாய அறிகுறி. உடனே நிறுத்திவிட்டு, அந்தத் தண்ணீர் வரும் துளையில் உப்போ மண்ணோ அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் தண்ணீர் பம்பில் சுழலும் ரப்பர் சக்கரமான இம்பெல்லர், சூட்டுக்கேற்பத் தண்ணீரை விடும் வால்வான தெர்மோஸ்டாட் இரண்டையும் கழற்றிப் பார்க்க வேண்டும்.

தண்ணீர் நன்றாக வந்தும் நிற்கிறதா? நின்ற அந்த நிமிடமே சோதியுங்கள், ஆறிய பிறகு எல்லாம் சரியாகத்தான் காட்டும். பெட்ரோல் குழாயில் உள்ள ரப்பர் பல்பை அமுக்கியதும் கிளம்பினால் கோளாறு எரிபொருள் பக்கம்: டேங்க், குழாய், பம்ப். கிளம்பாவிட்டால் பிளக்குக்குப் பொறி வருகிறதா என்று காட்டும் மூடிய வகை ஸ்பார்க் டெஸ்டரை மாட்டிப் பாருங்கள். பெட்ரோல் ஆவி இருக்கும் இடத்தில் பிளக்கைக் கழற்றி வெளியே பொறி விட்டுப் பார்க்கவே கூடாது.

பொறி இல்லையென்றால் காரணம் பெரும்பாலும் மின்பாகம்தான். சூட்டில் விரிந்து உள்ளே தொடர்பு அறுந்து, ஆறியதும் ஒட்டிக்கொள்ளும். சிலிண்டருக்கு ஒரு காயில் (பொறிக்கு வேண்டிய உயர் மின்னழுத்தம் தரும் சுருள்) உள்ள இன்ஜினில் ஒன்று போனால் பலம் குறையும், முழுதாக அணையாது. இரண்டு சிலிண்டரிலும் பொறி போயிருந்தால் சிடிஐ பெட்டி (பொறி எப்போது வர வேண்டும் என்று கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டி), ஸ்டேட்டர் (மின்சாரம் உண்டாக்கும் சுருள்), நிறுத்தும் சுவிட்சின் ஒயர் ஆகியவற்றைச் சந்தேகியுங்கள். மல்டிமீட்டரில் அளப்பதையும் சூடாக இருக்கும்போதே அளக்கச் சொல்லுங்கள்.

மின்பாகங்களை மாட்டிவிட்டால் பல கடைகளில் திரும்ப வாங்க மாட்டார்கள். அதனால் சோதனையில் பிடிபட்டதை மட்டும், இன்ஜினின் மாடல் எண்ணைக் காட்டி வாங்குங்கள். கார் பாகம் விலை குறைவு என்று யாராவது கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். படகுக்கென்று செய்த மின்பாகங்கள் பெட்ரோல் ஆவி பற்றிக்கொள்ளாதபடி வடிவமைக்கப்பட்டவை.