191 விசாவுக்கு முதலாளியின் கையெழுத்து வேண்டாம்

ஆஸ்திரேலியாவின் டூவும்பாவில் 494 விசாவில் (முதலாளி ஸ்பான்சர் செய்யும் ரீஜனல் தற்காலிக விசா) சமையல் வேலை, இரண்டு வருடம் ஆயிற்று, 'நான் கையெழுத்துப் போட்டால்தான் உனக்கு பிஆர் (நிரந்தர வசிப்புரிமை)' என்று முதலாளி மிரட்டுகிறார் என்கிறீர்கள். பயப்படாதீர்கள், அது உண்மையே இல்லை. அந்த பிஆர் தரும் 191 விசாவுக்கு அவருடைய நாமினேஷன் (முதலாளி உங்களை வேலைக்கு முன்மொழிவது) தேவையில்லை. 494 விசாவில் மூன்று வருடம் இருந்து, அரசு ரீஜனல் என்று குறித்த பகுதியிலேயே வாழ்ந்து வேலை செய்து, மூன்று நிதியாண்டுக்கான வரி அசெஸ்மென்ட் நோட்டீஸைக் காட்டி நீங்களே விண்ணப்பிக்கலாம்.

ஆனால் அவசரப்பட்டு வேலையை விடாதீர்கள். 2024 ஜூலையிலிருந்து, வேலையை விட்டால் ஒரே தடவையில் 180 நாள், விசாக் காலம் முழுக்க 365 நாள் வரை அவகாசம் உண்டு, சரி, அதற்குள் வேறொரு முதலாளி உங்களுக்குப் புது நாமினேஷன் வாங்கியாக வேண்டும். அடிலெய்டு, பெர்த் கூட ரீஜனல் கணக்கில்தான் வரும், அங்கேயும் தேடுங்கள். நண்பர் கூப்பிடுகிறார் என்று மெல்போர்னுக்கு மட்டும் போய்விடாதீர்கள், விசா நிபந்தனையே மீறியதாகிவிடும். அப்புறம் சம்பளச் சீட்டு, வாடகை ஒப்பந்தம் எல்லாவற்றையும் இன்றே பத்திரப்படுத்துங்கள்.