ரவுட்டர், ஐபி முகவரி: சுங்கை சிப்புட் அன்பர்களுக்குப் பதில்கள்

மளிகைக்கடைக்காரர்: அண்ணே, இடி மழையில் கரண்டு போய் வந்தால் ரசீது பிரிண்டர் வேலை செய்வதில்லை. பிரிண்டர் போச்சா?

பிரிண்டரில் குறையில்லை தம்பி. ரவுட்டரில் டிஎச்சிபி என்று தானாக எண் கொடுக்கும் ஏற்பாடு உண்டு. அது ஒவ்வொரு கருவிக்கும் ஐபி முகவரியை, அதாவது வீட்டு நம்பர் மாதிரி ஓர் எண்ணை, கொஞ்ச காலத்துக்குத்தான் தருகிறது. கரண்டு போய் வந்ததும் பிரிண்டருக்கு வேறு எண் கிடைத்திருக்கும். கம்ப்யூட்டர் பழைய எண்ணுக்கே அனுப்பிக்கொண்டிருக்கும். போன வாரம் பசார் பக்கத்துக் கடையொன்றில் பார்த்தேன்: பிரிண்டர் துப்பிய தாளில் 192.168.0.107, கம்ப்யூட்டரில் 192.168.0.103.

பிரிண்டரின் மேக் முகவரியை, அதாவது அந்தக் கருவிக்கே உரிய அடையாள எண்ணை, குறித்துக்கொள்ளுங்கள். 12 எழுத்தும் எண்ணுமாக இருக்கும். பிரவுசரில் திறக்கும் ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் 'அட்ரஸ் ரிசர்வேஷன்' என்ற இடத்தில் அதற்கு 192.168.0.50 என்று ஒதுக்குங்கள். பிரிண்டரை அணைத்துப் போட்டு, கம்ப்யூட்டரிலும் அதே எண்ணைக் கொடுங்கள். ரவுட்டரின் பின்னால் இருக்கும் ரீசெட் துளையில் மட்டும் ஊசியைக் குத்தாதீர்கள்!

செம்பனைத் தோட்டக் கிராணி: இதற்கு ரவுட்டர் எதற்கு? பிரிண்டரிலேயே நிலையான எண் போடலாமே. எங்கள் ஆபீசில் பல வருஷமாக அப்படித்தான்.

போடலாம் ஐயா, டிஎச்சிபி கொடுக்கும் வரிசைக்கு வெளியே போட்டால். அந்த வரிசையின் கடைசி எண் 100 முதல் 199 வரை என்றிருக்க, நீங்கள் 150 போட்டால், ரவுட்டர் அதையே ஒரு கைப்பேசிக்கும் கொடுக்கக்கூடும். இரண்டும் முட்டிக்கொள்ளும்.

அதே கிராணி: இடி விழுந்து ரவுட்டர் போனால் உங்கள் ஒதுக்கீடும் போய்விடுமே?

உண்மை, போய்விடும். ஆனால் புது ரவுட்டர் 192.168.1 வரிசையில் வந்தால் உங்கள் பிரிண்டர் 192.168.0-இல் தனியாக நிற்கும். அதன் சின்னப் பொத்தான்களை அழுத்தித்தான் மீட்க வேண்டும். என் வழியில் ஒரே பக்கத்தில் திரும்ப எழுதினால் முடிந்தது. நாலு கருவியே உள்ள உங்கள் ஆபீசுக்கு உங்கள் வழி சரி. பத்துக்கு மேல் போனால் நான் சொல்வதுதான். எதுவானாலும் எண்களை நோட்டில் எழுதி வையுங்கள்.

ஆசிரியை: ரவுட்டரின் அமைப்புப் பக்கத்துக்குள் எப்படிப் போவது?

பிரவுசரில் ரவுட்டரின் எண்ணை அடிக்க வேண்டும். ரவுட்டரின் அடியில் ஸ்டிக்கரில் அது இருக்கும். இல்லாவிட்டால் கைப்பேசியின் வைஃபை விவரத்தில் 'கேட்வே' எண்ணைப் பாருங்கள் டீச்சர், அதுதான் ரவுட்டரின் எண். உள்ளே போனதும் பாஸ்வர்டை மாற்றிவிடுங்கள்.

லயத்து வீட்டுத் தம்பி: 192.168.1.1 திறக்கவில்லை.

மேலே டீச்சருக்குச் சொன்னதைப் படியுங்கள். எல்லா ரவுட்டருக்கும் ஒரே எண் கிடையாது.

இன்னொருவர்: வாசலில் இரண்டாவது ரவுட்டர் வைத்தேன். அதில் சேர்ந்தால் பிரிண்டர் தெரியவில்லை.

இரண்டும் முகவரி கொடுக்கின்றன. இரண்டாவதை, முகவரி கொடுக்காமல் வைஃபையை மட்டும் பரப்பும் ஆக்சஸ் பாயிண்ட் முறைக்கு மாற்றுங்கள்.

பட்டறைக்காரர்: ரவுட்டரில் போர்ட் (வெளியிலிருந்து உள்ளே வரும் வழி) திறந்தும் வெளியிலிருந்து கேமரா தெரியவில்லை.

ரவுட்டரின் வான் (WAN) முகவரியை, அதாவது இணைய நிறுவனம் ரவுட்டருக்குத் தரும் எண்ணை, பாருங்கள். 100.64 முதல் 100.127 வரை ஏதாவதொன்றில் தொடங்கினால், அது 2012-இல் பலர் பகிர்ந்துகொள்ள ஒதுக்கிய வரிசை. எத்தனை போர்ட் திறந்தாலும் பயனில்லை. இணைய நிறுவனத்திடம் பொது முகவரி கேளுங்கள்.

ஒருவர்: எந்த பிளான் நல்லது?

அதைக் கடையில் கேளுங்கள்.

மளிகைக்கடைக்காரர்: அண்ணே, தம்பி ஊசியைக் குத்திட்டான். நெட்டே இல்லை.

ரவுட்டர் இணைய நிறுவனத்தோடு சேரக் கொடுக்கும் பிபிபிஓஇ பெயரும் பாஸ்வர்டும் அழிந்திருக்கும். இணைய நிறுவனத்துக்குப் போன் போட்டு இரண்டையும் வாங்கி, ரவுட்டரின் வான் (WAN) அமைப்புப் பக்கத்தில் போடுங்கள். கணக்கு நோட்டின் முதல் பக்கத்திலும் எழுதுங்கள். பிறகு பிரிண்டருக்கு 50-ஐத் திரும்ப ஒதுக்குங்கள்.