நாம் 42 டிகிரியில் வாழ்கிறோம். இங்கிலாந்துக்காரர்கள் 40 டிகிரிக்கே ஏன் தவிக்கிறார்கள்?

2022 ஜூலை 19 அன்று இங்கிலாந்தின் கோனிங்ஸ்பியில் 40.3 டிகிரி செல்சியஸ் பதிவானது. அந்த நாட்டில் அதுவரை காணாத உச்சம். வேலூரிலும் திருத்தணியிலும் அது சாதாரண மே மாத மதியம். சிரிப்பு வருவது நியாயம்தான்.

ஆனால் வெயிலை மட்டும் பார்த்தால் போதாது, வீட்டையும் பார்க்க வேண்டும். அங்கே வீடுகள் சூட்டை உள்ளே பிடித்து வைப்பதற்காகக் கட்டப்பட்டவை. தரையில் கம்பளம், கூரைக்கடியில் பஞ்சுப் போர்வை. பெரும்பாலான வீடுகளில் ஏசி கிடையாது. ஏன், சீலிங் ஃபேன்கூட இருக்காது. ஜூலையில் சூரியன் மறையவே இரவு ஒன்பது மணி ஆகும், சுவர் எப்போது ஆறுவது? தண்டவாளங்களையும் 27 டிகிரியைக் கணக்கில் வைத்துத்தான் பொருத்துகிறார்கள். வெயில் ஏறினால் நெளிந்துவிடும் என்று ரயிலை மெதுவாக ஓட்டுகிறார்கள்.

அப்புறம் உடம்பு. வெயிலுக்குப் பழக ஒன்றிரண்டு வாரம் பிடிக்கும். பழகிய உடம்பு சீக்கிரமே வியர்க்கும், நிறைய வியர்க்கும், வியர்வையில் உப்பு குறைவாகப் போகும். அங்கே வெப்ப அலை சில நாளில் வந்து போய்விடுகிறது. பழக எங்கே நேரம்?

சரி, நமக்கு மட்டும் எல்லாம் பழகிவிட்டதா? என் அனுபவத்தில், வேலூரின் 40 டிகிரியைவிடச் சென்னையின் 36 மோசம். கடற்காற்றின் ஈரத்தில் வியர்வை காயாது. காயாவிட்டால் உடம்பு குளிராது. நம் வீடுகளும் பகல் சூட்டை லேசில் விடுவதில்லை. சந்தேகமிருந்தால், மொட்டைமாடிக்குக் கீழே இருக்கும் அறையில் இரவு 11 மணிக்குச் சுவரைத் தொட்டுப் பாருங்கள்.